தோற்றவர் பக்கம்: ஒரு மல்யுத்த ரசிகையிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் ரவிக்கை மாதிரிப் படங்களுக்கு நடுவில் மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்கும் கேள்விகளையும், தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகளையும் இங்கே எழுதி, எனக்குத் தோன்றிய பதிலைத் தருகிறேன்.

எல்லாம் பொய்தானே? யார் ஜெயிப்பார் என்று முன்பே எழுதி வைத்திருப்பது தெரிந்தும் எப்படிப் பார்க்கிறாய்?

முடிவு எழுதி வைத்ததுதான். அதை இப்போது யாரும் மறைப்பதில்லை. 1989ஆம் ஆண்டிலேயே, இதை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க நிறுவனத்தார் நியூஜெர்சி மாநில செனட்டில், இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை நிகழ்ச்சிதான் என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது.

ஆனால் பொய் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். என் ஆயாவின் ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடி ஆடுவார். சலங்கைச் சத்தம் மட்டும் வெளியே வரும். கட்டியங்காரன் அவர் யார் என்று கேட்பான். பிறகுதான் திரை விலகும். கடைசி நாள் காலை படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனைக் களிமண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பத்து ஆள் நீளம் இருக்கும். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார், உள்ளே புதைத்த சிவப்பு நீர் பீறிடும். பாஞ்சாலி அதைத் தொட்டுத் தலையில் தடவிக் கூந்தலை முடிவாள். துரியோதனன் சாகப்போவது அங்கே நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கெட்டவன் செத்தான் என்று யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

அண்டர்டேக்கர் என்ற வீரர் வரும்போது மணி ஒலித்து விளக்கெல்லாம் அணைவதை முதன்முதலில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, திரைக்குப் பின்னால் சலங்கை கேட்டது போலவே எனக்கு இருந்தது. முடிவு தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன?

வலியும் பொய்யில்லை. அந்த மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய நுரை, அதற்கும் மேல் கித்தான். அவ்வளவுதான். விழும்போது முகவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுகிறார்கள். கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி. அப்படி விழக் கற்றுக்கொள்வதற்கே மாதக்கணக்கில் ஆகிறது.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். சரியா, டபிள்யூ.டபிள்யூ.இ. சரியா?

2002ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. அதே எழுத்துகளைக் கொண்ட வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கில் தோற்று மாற்றிக்கொண்டார்கள். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டு வைத்து விளையாடிய எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் எஃப். என்றுதான் சொல்கிறோம். அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை.

நல்ல சண்டை என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

தோற்றவரைப் பார்ப்பேன். மணி அடித்து முடிந்த பிறகு, தோற்றவர் உள்ளே வந்தபோது இருந்ததைவிட உயர்ந்து நின்றால் அது நல்ல சண்டை. ஜெயித்தவரை உயர்த்துவது எளிது; கையில் பட்டம் இருக்கிறது, பாட்டுப் போடுகிறார்கள். தோற்றவரை உயர்த்தத்தான் கலை வேண்டும்.

இதற்கு என்னுடைய முதல் சான்று 1997 மார்ச் 23 அன்று நடந்த 13ஆவது ரெஸில்மேனியாவில் (வருடத்துக்கு ஒருமுறை அந்த நிறுவனம் நடத்தும் பெரிய நிகழ்ச்சி) பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியது. அன்றைக்கு உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் முடியும் என்பது நிபந்தனை. நடுவராக கென் ஷாம்ராக். கூட்டத்துக்கு நடுவில் போய் அடித்துக்கொண்டு, நாற்காலி, கம்பி என்று எல்லாம் முடிந்த பிறகு, பிரெட் தன்னுடைய ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். கால்கள் இரண்டும் பின்னி, ஆஸ்டின் குப்புறக் கிடக்கிறார். நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் பற்களுக்கு நடுவில் இறங்குகிறது. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குகிறார், பிடி ஒரு நொடி தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. ஷாம்ராக் குனிந்து கேட்கிறார். விட்டுக்கொடுப்பதற்கு அடையாளமாக ஆஸ்டின் தரையைத் தட்டவில்லை, வாயாலும் சொல்லவில்லை. அப்படியே மயங்கிவிடுகிறார். சண்டை நிறுத்தப்படுகிறது.

ஜெயித்த பிரெட் அதோடு விடாமல், மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடியும் அடிக்கிறார். அங்கேதான் கூட்டம் திரும்புகிறது. உள்ளே வந்தபோது நல்லவராக இருந்தவர் ஏச்சு வாங்கிக்கொண்டு போகிறார். கெட்டவராக வந்தவர் தன் பெயரை அரங்கமே சொல்லச் சொல்ல நொண்டிக்கொண்டு போகிறார். ஒரே சண்டையில் இரண்டு பேரின் குணமும் இடம் மாறியது. இதை யாரும் ஒரு வார்த்தை பேசி விளக்கவில்லை. காலும் ரத்தமும் சொல்லிவிட்டன.

1987ஆம் ஆண்டு மூன்றாவது ரெஸில்மேனியாவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ராட்சத உடம்புக்காரரான ஆண்ட்ரேயை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டார் என்று உலகமே பேசுகிறது. ஆண்ட்ரே முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நடப்பதற்கே சிரமப்பட்டவர். அந்த உடம்பைத் தூக்க விட்டவர் அவர்தான். இதை நான் தோற்றுக்கொடுத்தல் என்று சொல்வேன். அதே இரவில் ரிக்கி ஸ்டீம்போட்டிடம் தோற்ற ராண்டி சாவேஜ், ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர். கால் மணி நேரத்துக்கும் குறைவான சண்டை. அந்த இரவின் சிறந்த சண்டை அதுதான்.

ஷான் மைக்கேல்ஸ், அண்டர்டேக்கர் சண்டைகளில் எது பெரியது? 2009ஆ, 2010ஆ?

பெரும்பாலானவர்கள் ஹூஸ்டனில் நடந்த 2009 சண்டையைச் சொல்வார்கள். ஓட்டமும் திருப்பங்களும் அதில்தான் அதிகம். எனக்கு 2010. ரெஸில்மேனியாவில் தோற்காத அண்டர்டேக்கரிடம் தோற்றால் மைக்கேல்ஸ் ஓய்வு பெற வேண்டும் என்பது அந்த முறை பந்தயம். கடைசியில் மைக்கேல்ஸ் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். அண்டர்டேக்கர் தயங்குகிறார், எழுந்திருக்காதே என்பது போலப் பார்க்கிறார். மைக்கேல்ஸ் அவருடைய கழுத்தறுக்கும் சைகையை அவருக்கே செய்து காட்டி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுகிறார். அந்த அறை ஜெயிப்பதற்காக இல்லை. என்மேல் இரக்கப்படாதே, என்னை முடித்துவிடு என்று கேட்கும் அறை அது. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தேர்ச்சக்கரத்தைக் கையில் எடுக்கும் கட்டத்தில் கூத்தில் வரும் அதே அமைதி அங்கேயும் வருகிறது.

2014இல் பிராக் லெஸ்னரிடம் அண்டர்டேக்கர் தோற்றது சரியா?

தோற்கலாம். ரெஸில்மேனியாவில் தொடர்ந்து பெற்ற 21 வெற்றிகள் யாருக்காவது கொடுக்கப்பட வேண்டிய சொத்து. ஆனால் என்னுடைய அளவுகோலில் அந்தச் சண்டை நிற்காது. நடுவிலேயே அண்டர்டேக்கருக்குத் தலையில் அடிபட்டு நினைவு கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுவதும் விழுவதும் கதைக்காக நடந்தவையாகத் தெரியவில்லை. நியூ ஆர்லியன்ஸ் அரங்கம் முழுவதும் வாயடைத்துப் போனதே, அது அதிர்ச்சி, துக்கம் இல்லை. அந்த வெற்றியை ஏற்கெனவே பெரியவராக இருந்த லெஸ்னருக்குக் கொடுத்ததும் எனக்கு உடன்பாடில்லை. வளர வேண்டிய ஒரு இளைஞனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கதையும் நிஜமும் கலந்துபோனது உண்டா?

1997 நவம்பர் 9, மான்ட்ரியல். வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்த பிரெட் ஹார்ட், சொந்த நாட்டில் பட்டத்தை இழக்க மாட்டேன் என்றார். ஷான் மைக்கேல்ஸ் பிரெட்டின் பிடியையே பிரெட்டுக்குப் போட்டபோது, பிரெட் விட்டுக்கொடுக்காமலேயே முதலாளி வின்ஸ் மக்மஹோன் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட் அவர் முகத்தில் துப்பினார். அது நடிப்பில்லை. என் கடைச் சுவரில் ஏன் பிரெட் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எழுதி வைத்த முடிவைக்கூட ஒருவரிடமிருந்து களவாட முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓவன் ஹார்ட், பிரெட்டின் தம்பி, 1999 மே 23 அன்று அரங்கக் கூரையிலிருந்து இறக்கப்படும்போது விழுந்து இறந்தார். அன்று நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதை நான் மன்னிக்கவில்லை.

மைக்கில் பேசுகிற பேச்சுகளில் எது உனக்குப் பிடித்தது?

டஸ்டி ரோட்ஸ் 1985இல் ரிக் ஃபிளேருக்கு எதிராகப் பேசிய "கஷ்ட காலம்" பேச்சு. டஸ்டி குழாய் வேலைக்காரரின் மகன். தொந்தி வைத்த உடம்பு. ஃபிளேர் பட்டு அங்கியும் விலை உயர்ந்த கடிகாரமுமாகத் திரிபவர். டஸ்டி ஒளிப்பதிவுக் கருவியைப் பார்த்துச் சொல்கிறார்: கஷ்ட காலம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. துணி ஆலைத் தொழிலாளி வேலை இழந்து, நாலைந்து பிள்ளைகளுக்குச் சோறு வாங்க முடியாமல் நிற்பதுதான் கஷ்ட காலம். முப்பது வருடம் உழைத்தவனிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, உன் இடத்துக்குக் கணினி வந்துவிட்டது, போ என்று அனுப்புவதுதான் கஷ்ட காலம்.

என் பெரியப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை ஓடாமல் நின்ற பிறகும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, சைக்கிளைத் துடைத்து, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டும் கம்பியைச் சரிசெய்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டஸ்டியின் பேச்சை வரிவரியாகத் தமிழில் சொல்லி அவருக்குப் போட்டுக் காட்டினேன். துணி ஆலை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்ப அதே இடத்தைக் கேட்டார். அமெரிக்காவிலும் ஆலையை மூடினார்களா என்று மட்டும் கேட்டார். ஒரு பேச்சுக்கு இதைவிட என்ன செய்ய வேண்டும்?

2011 ஜூன் 27 அன்று சிஎம் பங்க் மேடை முனையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிறுவனத்தையே குறை சொன்ன பேச்சும் நல்ல பேச்சுதான். மைக்கை அணைக்கும் வரை பேசினார். மூன்று வாரம் கழித்து சிகாகோவில் ஜான் சீனாவை வென்று, பட்டத்தோடு கூட்டத்துக்குள் நடந்து போனார். பேச்சுக்குப் பின்னால் ஒரு செயல் நின்றது. அதற்குப் பிறகு அவரைப் போலப் பேச ஆசைப்பட்டவர்களில் பலருக்குக் கோபம் இருந்தது, காரணம் இல்லை.

பேசாமல் இருப்பதும் பேச்சுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையில் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெரு பல நாள் இருட்டில் கிடந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் காசு கொடுத்து செல்பேசிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவோம். அந்த நாட்களில் சென்னையிலிருந்து என் சித்தி மகன் அழைத்து, கிறிஸ் ஜெரிக்கோ திரும்பி வந்துவிட்டார், சட்டை முழுவதும் விளக்கு எரிகிறது, கூட்டத்தைக் கத்த வைக்கிறார், ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டார் என்று சொன்னான். அது ஜனவரி 2 நிகழ்ச்சி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, விளக்கு எரியும் அந்தச் சட்டையை எப்படித் தைத்திருப்பார்கள், கம்பியை எந்தத் தையலுக்குள் விட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தபோது, நான் நினைத்ததுதான் அழகாக இருந்தது.

ரோமன் ரெயின்ஸ் கதையை இழுத்துவிட்டார்கள் இல்லையா?

கடைசி ஒரு வருடம் இழுத்தார்கள். 1,316 நாட்கள் பட்டத்தை வைத்திருந்தார். ஒவ்வொரு சண்டையிலும் கடைசி நிமிடத்தில் தம்பிகள் ஓடி வந்து காப்பாற்றுவது சலித்துப்போனது. ஆனால் அதற்குள் சாமி ஜெய்ன் வந்த பகுதி இருக்கிறதே, அது முழுக்க நம் ஊர்க் கூட்டுக் குடும்பக் கதை. ஒட்டாத உறவுக்காரன் ஒருவன், பெரிய வீட்டில் தனக்கும் ஒரு தட்டு போடுவார்களா என்று வாசலில் நிற்கிறான். எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். மெல்ல மெல்ல அவர்களுக்கும் அவனைப் பிடித்துவிடுகிறது.

2023 ஜனவரி 28, சான் ஆன்டோனியோ. சாமியின் பழைய நண்பர் கெவின் ஓவன்ஸைக் கைவிலங்கால் மேடைக் கயிற்றோடு பூட்டிவிட்டு, ரோமன் சாமியின் கையில் நாற்காலியைக் கொடுத்து அடி என்கிறார். சாமி ரோமனின் முதுகில் அடிக்கிறார். அடித்த மறுகணம் அவர் முகத்தில் கோபம் இல்லை. இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்ற பயம் இருந்தது. மற்றவர்கள் அவரை அடிக்க, தம்பிகளில் ஒருவரான ஜே ஊசோ மட்டும் கைவைக்காமல் வெளியே நடந்துவிடுகிறார். கூட்டுக் குடும்பத்தில் சண்டை நடக்கும்போது கொல்லைப்புறம் போய் நிற்கும் ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார்.

அடுத்த மாதம் சொந்த ஊரான மான்ட்ரியலில் சாமி தோற்றார். ஜெயித்திருக்க வேண்டும் என்று இன்றும் பலர் சண்டைக்கு வருகிறார்கள். நானும் அன்று அழுதேன். ஆனாலும் அந்தத் தோல்வி அவரைக் குறைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டஸ்டியின் மகன் கோடி ரோட்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறியது. 2023 ரெஸில்மேனியாவில் அவர் ரோமனிடம் தோற்றபோது, அர்த்தமில்லாத தோல்வி என்று சண்டை போட்டேன். அப்பாவுக்குக் கிடைக்காத பட்டத்தை 2024 ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ரோமனிடமிருந்தே வாங்கியபோது, அந்த ஒரு வருடம் தேவைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

ஜான் சீனா கெட்டவராக மாறியது?

2025 மார்ச் 1 அன்று டொரன்டோவில் கோடியைக் கட்டிப்பிடித்துவிட்டு அடித்த அந்த ஒரு நிமிடம் அருமை. அதற்குப் பிறகு கதை இல்லை. மாற்றத்துக்குக் காரணமாக நின்ற ராக் என்ற பழைய வீரர், ரெஸில்மேனியாவுக்கு வரவே இல்லை. சீனாவின் பதினேழாவது பட்டம், அங்கே கோடியோடு நடந்த சண்டையில் வந்தது எனக்கு வருத்தம்.

அதே வருடம் டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் நடந்த கடைசிச் சண்டையில் குந்தரிடம் தட்டித் தோற்றார். தோற்றது சரி. போகிறவர் வருகிறவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தட்டியதைத்தான் என் மனம் ஏற்கவில்லை. இருபது வருடமாகச் சட்டையிலும் துண்டிலும் "விட்டுவிடாதே" என்று எழுதிக்கொண்டு வந்தவர் அவர். நோயாளிக் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் போய்ப் பார்த்து அதைச் சொன்னவர். ஆஸ்டினைப் போல மயங்கியிருக்கலாமே? குந்தரின் வெற்றி ஒரு குன்றிமணிகூடக் குறைந்திருக்காது. சீனா இன்னும் உயர்ந்திருப்பார்.

நம் நாட்டுக்காரர்கள்?

கிரேட் காளி 2007இல் உலகப் பட்டம் வாங்கியபோது எங்கள் தெருவே பெருமைப்பட்டது. சண்டைகள் சுமார்தான். 2017இல், கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரரான ஜிந்தர் மஹால் ஜெயித்தபோது, நம்முடைய பார்வையாளர் கூட்டத்துக்காகக் கொடுத்த பட்டம் என்று எனக்குத் தோன்றியது. அவர் கடினமாக உழைத்தவர். அவருக்குக் கதை எழுதியவர்கள் உழைக்கவில்லை.

பெண்கள் சண்டையை ஏன் அவ்வளவு தூக்கிப் பேசுகிறாய்?

2015 பிப்ரவரியில் நான்கு பெண்கள் சேர்ந்த ஒரு சண்டைக்கு ஏறக்குறைய 30 நொடி கொடுத்தார்கள். ஒரு பட்டன் தைக்கக்கூட அதைவிட நேரமாகும். ரசிகர்கள் பொறுக்கவில்லை, பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 22 அன்று புரூக்ளினில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் மோதியதைப் பாருங்கள். பெய்லியின் காயம்பட்ட கையை சாஷா மிதிக்கும் அந்தக் கொடூரம் இருக்கிறதே! பெய்லி ஜெயித்தார். நான் பேசுவது சாஷாவைப் பற்றி. 2019 ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டையாகவே பெண்கள் சண்டை நடந்தது. புரூக்ளினில் தோற்றுக்கொடுத்தவர் இல்லாமல் அங்கே வந்திருக்க முடியாது.

குழந்தைகள் பார்க்கலாமா?

பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். செய்து பார்க்கக் கூடாது. என் மாமா மகன் எட்டு வயதில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து வைக்கோல் என்று நினைத்துக் குதித்து, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் கட்டோடு இருந்தான். வைக்கோலுக்கு அடியில் உரல் இருந்தது. வெள்ளிக் கடற்கரை மணலில் பையன்கள் ஒருவனைத் தலைகீழாகத் தூக்கினால் நான் போய் நிறுத்திவிடுவேன். ஈர மணல் பலகையைவிடக் கெட்டி.

இதே காரணத்தால்தான் 1998இல் அண்டர்டேக்கர் மிக் ஃபோலியை 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து மேசை மேல் தள்ளிய சண்டையை நான் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. ஃபோலி எழுந்து மறுபடி மேலே ஏறினார். அந்த வீரத்தை மறுக்கவில்லை. இரண்டாவது முறை கூரை பிய்ந்து உள்ளே விழுந்தது திட்டத்திலேயே இல்லை. ஒரு மனிதர் சாகக்கூடும் என்ற பயத்தில் பார்ப்பது எனக்குக் கதையாகத் தெரியவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர் எதில் தொடங்கலாம்?

சாவேஜ், ஸ்டீம்போட் சண்டையில். பிறகு 13ஆவது ரெஸில்மேனியா. அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், முன்கதையும் வேண்டாம்.

என் ஆயாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தச் சண்டையைச் செல்பேசியில் காட்டினேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆஸ்டின் மயங்கியதும், ரத்தத்தைத் துடைக்க யாருமே இல்லையா, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீராவது கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை ஆயா, தூக்கிவிட வந்த இன்னொரு நடுவரையும் அடித்துத் தள்ளிவிட்டுத் தானே நடந்து போனார் என்றேன். ஆயா செல்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் நடந்து போவதைத் திரும்பப் போடச் சொன்னார்.